இரண்டும் மூன்றும் ஒன்று

இன்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவர், எண்பதுகளில் எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த ஸ்கூல் இன்ஸ்பெக்டர். அப்போது ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்த என்னை அவருக்கு நினைவில்லை.

பக்கத்துச் சீட்டுக்காரரிடம் பெருமை. "பேத்தி ஸ்கூல்ல களிமண்ணுல கணக்கு சொல்லித் தராங்க. ரெண்டு உருண்டையும் மூணு உருண்டையும் சேர்ந்தா எவ்ளோன்னு கேட்டேன். எல்லாத்தையும் பிசைஞ்சு, 'ஒண்ணு தாத்தா'ன்னுது. என்னா மூளைங்க!"

அன்று களிமண் உருண்டைகளோடு நடந்த என் வகுப்பிலும் இதையேதான் கேட்டார். மல்லாட்டைக் கடலை பிடுங்கும் கூலிக்காரரின் மகள் செல்வியும் பிசைந்துவிட்டு, "ஒண்ணு சார்" என்றாள்.

"மண்டையிலயும் களிமண்ணுதான்" என்றவர், உருண்டையை அவள் கையாலேயே ஜன்னல் வழியே வீச வைத்தார்.

"பேத்திக்கு யார் மூளைங்க?" என்று இப்போது பஸ்ஸில் அவரைக் கேட்டேன்.

"அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கு!"

பாவம் குழந்தை. வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன். நீங்களாக இருந்தால் மூடியிருப்பீர்களா?