இணையம் தொடாத கணினி

மன்சூரா நகரில், கட்டடப் பொறியாளர் இன்ஷிராவின் அலுவலகத்தில் ஒரு கணினிக்கு மட்டும் இணையம் கிடையாது. கட்டடங்களின் கான்கிரீட்டுக்குள் எவ்வளவு கம்பி வேண்டும் என்று கணக்குப் போடும் மென்பொருள் அதில்தான் இருந்தது. திருட்டுப் பிரதி. இணையத்தைக் காட்டினால் கம்பெனிக்காரன் மோப்பம் பிடித்து முடக்கிவிடுவான் என்று, பூட்டை உடைத்துக் கொடுத்தவன் சொல்லியிருந்தான். ஊரில் எந்தப் பொறியாளர்தான் காசு கொடுத்து வாங்கினார்? தொழில் கூட்டாளி ஃபிக்ரி இணைய வயரைக் கத்தரித்தே எறிந்துவிட்டான். அலுவலகமே அந்த விதியை நோன்புபோல் காத்தது.

வளைகுடா வாடிக்கையாளர் ஒருவர் உரிமச் சான்று கேட்டதும்தான் விழித்தார்கள். அசல் வாங்க வக்கில்லை. யாரும் இலவசமாக, முறைப்படியே பயன்படுத்தக்கூடிய மென்பொருள் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு இன்ஷிரா அதை இறக்கினாள். ஐம்பது வயதில் புதிதாகப் பழகுவது சள்ளைதான். பழகுவதற்குத் தனக்கு மனப்பாடமான ஒரு கட்டடத்தை எடுத்தாள். பழைய மென்பொருளில் அவளே வடிவமைத்தது, தங்கை தஹானி மூன்றாம் மாடியில் குடியிருப்பது.

பால்கனிக் கம்பியில் கணக்கு இடித்தது. பழைய மென்பொருள் சொன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு கம்பி கேட்டது புதியது.

"ஓசியில வந்தது உளறத்தான் செய்யும், பாஷ்முஹந்திஸா" என்று, பொறியாளரம்மா என்ற மரியாதைப் பட்டத்தை இழுத்துச் சொல்லி ஃபிக்ரி கேலி செய்தான்.

அவளும் அப்படித்தான் நம்ப விரும்பினாள். கையால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். புதியதுதான் சரி.

பழையதைச் செய்த கம்பெனியின் இணையப் பக்கத்தில் தேடினாள். பிழையை அவர்கள் என்றைக்கோ கண்டுபிடித்து, திருத்தத்தை வாங்கியவர்கள் எல்லாருக்கும் இலவசமாக அனுப்பியிருந்தார்கள். இந்தக் கணினிக்கு மட்டும் அது வரவில்லை. வரும் வழியை இவர்களே கத்தரித்திருந்தார்கள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆறிய தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள், ருசி தெரியவில்லை.

ஃபிக்ரி இப்போது சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் நின்னுச்சுல்ல, இன்னும் நிக்கும். வாயத் தொறந்தா உன் பொறியாளர் முத்திரையப் பறிச்சுட்டு உள்ள தூக்கிப் போடுவாங்க" என்றான். அவன் சொல்வதும் நிஜம்தான். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தஹானி பால்கனியில் அக்கம்பக்கத்துப் பெண்களோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மண்தொட்டிகள், கொடி நிறைய ஈரத் துணி. இன்ஷிராவின் மனம் ஒவ்வொன்றையும் எடைபோட்டது. எல்லாரையும் உள்ளே வரச் சொன்னாள்.

"எதுக்குக்கா? நீ போட்ட பால்கனி. மன்சூராவுலயே இதைவிடப் பத்திரமான இடம் எங்க இருக்கு? நீயும் வந்து உக்காரு."

பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். இன்ஷிரா நிலைப்படியைத் தாண்டவில்லை.

"நான் போட்டதுதான். அதனாலதான் சொல்றேன். ஒவ்வொருத்தரா, மெதுவா உள்ள வாங்க."

வந்தார்கள். பால்கனிக் கதவைப் பூட்டினாள். அளவு வாசிக்கும் குரலில் நடந்ததைச் சொன்னாள். ஒருத்தியாவது திட்டியிருக்கலாம். தஹானி பட்டாணித் தட்டை இடுப்போடு அணைத்தபடி கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"மேல் மாடியில இருக்கறவங்களுக்கும் இதே கணக்குதானா?"

"இதே கணக்குதான்."

இன்ஷிரா படியேறினாள். பின்னால், பால்கனிக் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று தஹானி இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.