மூன்று றெக்கையிலும் மாமா பேர்

விருந்தாளி வந்தால் எல்லா வீட்டிலும் ஃபேனைப் போடுவார்கள். எங்கள் வீட்டில் மாமா வந்தால் ஃபேனை நிறுத்துவோம்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். மீன்சுருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை. எங்கள் ஊர் பாடாலூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது. அரியலூரிலும் பெரம்பலூரிலும் பஸ் மாறித்தான் வர வேண்டும். வந்து சேரும்போது கண்டக்டர் தொடங்கி பக்கத்துச் சீட்டுக்காரர் வரைக்கும் அத்தனை பேர் குடும்பக் கதையும் அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படியொரு பேச்சுக்காரர். சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கூடத்தில் நாற்காலியை ஃபேனுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு உட்காருவார். உட்கார்ந்ததும் அவர் கேட்பது தண்ணீர் இல்லை.

“நிறுத்து மருமவளே. படி, பாப்போம்.”

நான் சுவிட்சை அணைப்பேன். ஃபேன் ஆடி அசைந்து நிற்கும். மூன்று றெக்கையிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். ஒன்றில் ‘தாய்மாமன் சீர்’, அடுத்ததில் இனிஷியலோடு மாமாவின் பேர், மூன்றாவதில் மீன்சுருட்டி. ஒவ்வொன்றாக விரலை நீட்டி உரக்கப் படிப்பேன். மாமா வேர்வையை வழித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி கேட்பார். முடிந்ததும், “ம், போடு” என்பார். ஊரில் நாலு பேர் பார்க்க வேண்டிய பேரை இப்படிச் சுழல்கிற இடத்தில் எழுதிவைப்பானேன் என்று அப்பா பின்னால் முணுமுணுப்பார். முன்னால் சொல்லமாட்டார். சொல்லாததற்குக் காரணம் இருந்தது.

எனக்குக் காதுகுத்து வைத்தபோது அச்சடித்த பத்திரிகையில் ‘தாய்மாமன்’ என்று போட்டு, அதற்குக் கீழே பேரை விட்டுவிட்டார்கள். அச்சகத்தின் தவறு என்றார் அப்பா. எழுதிக் கொடுத்தவர் தவறு என்றாள் அம்மா. எழுதிக் கொடுத்தவர் அப்பாதான். மீன்சுருட்டி டீக்கடையில் யாரோ பத்திரிகையை வாங்கி உரக்கப் படித்து, “உம் பேரையே காணமேய்யா” என்று சொல்லிவிட, மாமா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தவர்தான், காதுகுத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் பக்கம் காது குத்தமாட்டார்கள். அப்பா தாம்பூலத்தட்டோடு போய், திரும்பி வந்து, மறுபடி போய், மூன்றாம் தடவைதான் அவரை அழைத்துவந்தார். காதுகுத்து முடிந்து ஒரு மாதம் கழித்து மாமா இந்த ஃபேனோடு வந்து இறங்கினார். “பத்திரிகையில வுட்ட பேர இனிமே யாரும் வுட முடியாது பாருங்க” என்று சொல்லிச் சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை. அந்த நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு அண்ணன்தான்.

இனி நடந்தது, நான் நாலாவது படிக்கும்போது.

புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள் அம்மா வீடு கழுவினாள். ஃபேன் றெக்கையில் ஒட்டடையும் அடுப்புப் புகையும் சேர்ந்து பிசினாகப் படிந்திருந்தது. சோப்புத் தண்ணீருக்கு அது அசையவில்லை. அம்மா ரேஷன் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினாள். கண்ணில் தூசி விழாமல் இருக்க முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு தேய்த்தாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போவதை நன்றாகப் பார்த்தேன். பெரியவர்கள் ஒன்றைச் செய்தால் காரணம் இருக்கும் என்று நம்பிய வயது. மூன்றாவது றெக்கையும் பளபளவென்று ஆன பிறகுதான் அம்மா கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அது சிவந்து கிடந்தது.

“அடிப்பாவி, பாத்துக்கிட்டேவா நின்ன? வாயத் தொறந்து சொல்லக்கூடாது?”

“நீ திருப்பி எழுதுவன்னு நெனச்சேம்மா.”

‘சீர்’ என்பதில் ‘ர்’ மேல் இருந்த புள்ளி ஒன்று மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. அம்மா அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். ஊரில் இருந்த ஒரே பெயிண்டர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். தீபாவளிக்கு முன்னால் வந்துவிடுவார், எழுதி வாங்கிவிடலாம் என்பது அம்மாவின் கணக்கு. அப்பாவுக்கு நிலத்தைப் பார்த்தே பழக்கம், தலையை நிமிர்த்தி எதையும் பார்க்கமாட்டார். அதனால் அந்தப் பக்கம் பயமில்லை.

அப்புறம் மழை வந்தது. எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்துக்கு விதை என்பது வெங்காயமேதான். அறுத்ததில் நல்லதாகப் பொறுக்கி, ஐப்பசி நடவு வரைக்கும் பட்டறையில் வைத்திருப்போம். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மூங்கில் தட்டி கட்டி, நாலு பக்கமும் காற்று புகுந்து வருகிற மாதிரி போட்டிருக்கும் கூண்டுக்குத்தான் பட்டறை என்று பேர். ஒரே ராத்திரி மழையில் அதன் கூரை ஒழுகி விதை வெங்காயம் நனைந்துவிட்டது. அப்பா விடிவதற்குள் அத்தனையையும் கூடத்துக்குள் கொண்டுவந்து பரப்பினார். ஃபேனை முழு வேகத்தில் வைத்து, “எவனும் சுவிட்சுல கை வெக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பாய், என் புத்தகப்பை, எல்லாம் அடுப்படிக்குப் போயின. மழை விட்டதும் புழுக்கம் ஆளைக் கொன்றது. வேர்க்கிறது என்று நான் சிணுங்கியதற்கு அப்பா சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது.

“புள்ளைக்கி வேர்த்தா தொடச்சிக்கலாம். வெங்காயத்துக்கு வேர்த்தா அழுவிப்போயிடும்.”

வெங்காயம் காற்று வாங்க, நாங்கள் வாசலில் நின்று விசிறிக்கொண்டோம். சிவந்த தோல் கூடம் முழுக்கப் பறந்து தலையிலும் சோற்றிலும் விழுந்தது. அம்மா மட்டும் குறை சொல்லவில்லை. சுற்றிக்கொண்டே இருக்கிற ஃபேனில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அவளுக்குப் பகை பகல் பன்னிரண்டு மணி ஒன்றுதான். அப்போதெல்லாம் தினமும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கரண்ட் இருக்காது. போவதில் ஒருநாளும் நேரம் தவறியதில்லை, வருவதில்தான் தவறும்.

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் மாமா வந்து நின்றார். கையில் முந்திரிப் பருப்புப் பொட்டலம். அம்மாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலை. “வாண்ணே” என்றவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மாமா கூடத்து நிலைப்படியில் நின்று வெங்காயத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார். சுவரோரம் காலால் கொஞ்சம் வெங்காயத்தை ஒதுக்கி, சாக்கை விரித்து உட்கார்ந்தார்.

“நிறுத்து மருமவளே. படி, பாப்போம்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள். காப்பாற்றியது அப்பாதான், தெரியாமலே.

“கோச்சிக்காதீங்க மச்சான். இன்னிக்கி மட்டும் நிறுத்த வேணாம். வெத வெங்காயம் நனஞ்சிபோச்சி.”

“அட, இதுக்கென்ன கோவம் மாப்ள. ஓடட்டும், ஓடட்டும். நம்ம ஃபேனு தங்கச்சி வூட்டு வெதயக் காப்பாத்துதுன்னா நல்லதுதான?”

அம்மா அடுப்படிக்கு ஓடினாள். அண்ணன் வந்தால் மூன்று நாளாவது இருக்கச் சொல்லிக் கெஞ்சுகிறவள், அன்று அவரைப் பன்னிரண்டு மணிக்குள் சாப்பிடவைத்து வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று பறந்தாள். புரட்டாசி ஆனதால் கோழி அடிக்கிற வேலை மிச்சம். பதினொன்றரைக்கு இலை விழுந்துவிட்டது. அடுப்படியில் போட்ட இலையை மாமா கையோடு எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, சாக்கில் உட்கார்ந்துவிட்டார்.

“காத்து இங்கதான நல்லா வருது? ஆமா, இன்னும் பன்னெண்டுகூட ஆவல, அதுக்குள்ள என்ன அவசரம் தங்கச்சி?”

“பசிக்கும்ல, அவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்க. சாப்புடுண்ணே, ஆறிடும்” என்றாள் அம்மா. சாம்பாரில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

மாமா சாப்பிட்டார். நிதானமாக, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கதையோடு சாப்பிட்டார். பஸ்ஸில் வந்த லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவருடைய மகன் துபாயில் பார்க்கிற வேலை, சம்பளம், அங்கே மே மாதத்து வெயில், வீட்டுக்கு வீடு ஏசி எல்லாவற்றையும் சொன்னார். ஒரு தடவை இலையில் விழுந்த வெங்காயத் தோலை எடுத்துப் பார்த்து, நல்ல நிறம் என்று பாராட்டினார். அம்மா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ரசம் ஊற்றினாள். நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன். இன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், கரண்ட் லேட்டாகப் போகட்டும் என்று.

போய்விட்டது.

சீலிங் ஃபேன் டக்கென்று நின்று தொலைக்காது. முதலில் சத்தம் குறைந்தது. பறந்துகொண்டிருந்த தோலெல்லாம் மெல்ல இறங்கியது. வட்டமாகத் தெரிந்தது கலங்கி, மூன்று றெக்கையாகப் பிரியத் தொடங்கியது. அப்பா “ஐயோ வெங்காயம்” என்று முறத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, குனிந்து விசிற ஆரம்பித்தார். அம்மா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். கரண்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. மாமா ரசச் சோற்றுக் கையோடு அண்ணாந்து பார்த்தார்.

மூன்று றெக்கையும், அந்த ஒற்றைப் புள்ளி போக, வெள்ளை வெளேரென்று நின்றன.

மாமா அவற்றைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். மறுபடி டீக்கடை, மறுபடி தாம்பூலத்தட்டு, அம்மா மறுபடி அடுப்படி மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் என் கண்முன்னால் வந்தது.

“அதான் தானா நின்னுபோச்சே. படி மருமவளே” என்றார் மாமா.

எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, நான் விரலை நீட்டினேன். முதல் றெக்கையைக் காட்டி, “தாய்மாமன் சீர்” என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டாவதைக் காட்டி, இனிஷியலோடு அவர் பேரைப் படித்தேன். மூன்றாவதைக் காட்டி மீன்சுருட்டி என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, நான் வெறும் சோற்றைக் காட்டிப் பூசணிக்காய் என்றேன்.

மாமா தலையை ஆட்டியபடி கேட்டார்.

“ம். சரியா இருக்கு. நல்லாப் படிக்கிறா தங்கச்சி உம் புள்ள. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து.”

அம்மா ரசம் ஊற்றிவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தப்பித்த சந்தோஷம் என்று நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கும் பெருமை தாங்கவில்லை. மாமா கை கழுவிவிட்டு இன்னொரு முறம் வாங்கிக்கொண்டு, கரண்ட் வரும்வரை அப்பாவோடு சேர்ந்து வெங்காயத்துக்கு விசிறினார்.

மறுநாளே இந்த வீரக்கதையைப் பக்கத்து வீட்டுத் தோழியிடம் சொன்னேன். சத்தியம் போனால் போகட்டும் என்று பட்டது. ஒரு பெரிய மனுஷரை நான் ஏமாற்றியிருக்கிறேன்!

பெயிண்டர் தீபாவளிக்கு வந்தார். ஆனால் அம்மா ஏனோ அவரைக் கூப்பிடவேயில்லை. மாமா அடுத்தடுத்த தடவைகளும் வந்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். நான் வெறும் றெக்கையைக் காட்டிப் படித்தேன், அவர் சரியாக இருக்கிறது என்றார். அவருக்குக் கண்பார்வை மங்குகிறது போல என்று நான் நினைத்துக்கொண்டேன். தோப்பின் அந்தக் கோடியில் முந்திரி மரத்தில் ஏறும் அணிலைப் பார்த்துவிடுகிற கண் அது.

கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம், பெரம்பலூர் ஹாஸ்டலில் என்னைப் பார்க்க மாமா வந்திருந்தார். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எதிரிலேயே ‘அரியலூர்’ என்று கொட்டை எழுத்தில் போர்டு மாட்டி ஒரு பஸ் நின்றது. மாமா கடலை விற்கிறவரிடம், “ஏங்க, அரியலூர் பஸ் எதுங்க?” என்று கேட்டார்.

“எதுர்லதான போட்டிருக்கு மாமா?”

“எனக்கு என்னாத்தத் தெரியும் மருமவளே? நான்தான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போவலியே. மாட்ட நான் பாத்துக்கறேன்னு சொன்னதாலதான உங்கம்மாவ அனுப்புனாங்க. அவதான் பத்தாவது வரைக்கும் படிச்சா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

ஓஹோ, அதனால்தான் அன்றைக்கு அவரை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிந்ததா என்று முதலில் நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது. பஸ் கிளம்பி, திருப்பத்தில் மறைந்த பிறகுதான் உறைத்தது. எழுத்து என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் படித்திருக்க வேண்டும். எழுத்தே இல்லை என்று தெரிந்துகொள்ளக் கண் போதும். மாமா முதல் பார்வையிலேயே பார்த்துவிட்டார். அம்மாவுக்கும் அது தெரியும். மண்ணெண்ணெயில் எழுத்து அழிந்தது படிக்கத் தெரிந்த எங்களுக்குத்தான், மாமாவுக்கு அவர் பேர் என்றைக்கும் என் குரலில் மட்டும்தான் இருந்தது. அன்று அந்தக் கூடத்தில் ஏமாந்தது நான் ஒருத்திதான்.