பூமாலை போட்ட மரத்தரை

பூமாலை பெங்களூருக்குப் போனது சிமெண்டுச் சட்டி தூக்கத்தான். சின்னசேலத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் நிலமில்லாத குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமான மறுவருஷம் கணவன் இருசப்பனோடு ரயிலேறினாள். அங்கே ஏழு வருஷம் சட்டி தூக்கிய பிறகு, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மரத்தரை போடுகிறவர்களுக்கு ஒருநாள் ஆள் கம்மியாகிவிட்டது. "இந்தப் பலகையைக் கொஞ்சம் பிடிம்மா" என்றார் மேஸ்திரி. பிடித்தவள் சும்மா இருக்கவில்லை.

"இது சரியா ஒக்காரலீங்க. அந்த மூலையில ஒரு நூலு தூக்கிக்கினு நிக்குது."

மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். தூக்கித்தான் இருந்தது. மறுநாளிலிருந்து அவள் சட்டி தூக்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் யார் யார் வீட்டுக்கோ மரத்தரை போட்டாள். மகள் இசைவாணிக்குக் கள்ளக்குறிச்சியில் கல்லூரி இடம் கிடைத்ததும் மூவரும் ஊர் திரும்பினார்கள். இருசப்பன் லோடு ஆட்டோ ஓட்டினான். பூமாலை ஒவ்வொரு டைல்ஸ் கடையாக ஏறி, "மரத்தரை வேணும்னு யாராச்சும் கேட்டா சொல்லுங்க" என்று நம்பர் கொடுத்தாள். "மரத்துல தரையா? கரையானுக்குப் பந்தி போடவா?" என்று சிரித்தார்கள். ஒன்றரை வருஷம் டைல்ஸ் இடுக்கில் பவுடர் அடைக்கிற வேலைதான் கிடைத்தது.

அப்புறம்தான் செந்தமிழ்ச்செல்வி டீச்சர் போன் செய்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. கள்ளக்குறிச்சிக்கு வெளியே புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில நின்னேன் பூமாலை. என் வூட்டுல ஒரே ஒரு ரூம்புல மரத்து மேல நடக்கணும். அவ்ளோதான் ஆசை."

டீச்சரின் கணவர் ஆதிமூலம் பத்து ஏக்கர் கரும்புக்காரர். அவருக்கு இந்த ஆசை புரியவில்லை. ஆனாலும் மனைவி பேச்சைத் தட்டாதவர்.

"மரம்தானே? நம்ம வரப்புல வாகை நிக்குது. வெட்டி அறுத்துட்டா போச்சு."

"வேணாங்க ஐயா" என்றாள் பூமாலை. "இப்ப வெட்டுன மரத்துல ஈரம் அப்பிடியே இருக்கும். தரையில போட்டா அது பாட்டுக்குக் காஞ்சி சுருங்கும். ஆறு மாசத்துல பலகைக்குப் பலகை வாயப் பொளந்துக்கினு நிக்கும். நல்லாக் காஞ்ச தேக்கா பாக்கணும்."

மரக்கடையில் அவள் அரைநாள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பலகையாக நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தாள். வளைந்ததை ஒதுக்கினாள். ஈரம் பார்க்கிற சின்ன மீட்டரை எடுத்து, அதன் இரண்டு ஊசிகளையும் மரத்தில் குத்தி எண்ணைப் படித்தாள்; பன்னிரண்டைத் தாண்டினால் அதையும் ஒதுக்கினாள். கடைக்காரர் வீரமணி, "இன்னாம்மா, மரத்துக்குக் காய்ச்சல் பாக்கறியா?" என்றார். "ஆமாங்க. காய்ச்சல் இருந்தா இங்கியே வுட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள்.

பலகைகள் வந்து இறங்கின. உடனே வேலை ஆரம்பிக்கும் என்று ஆதிமூலம் நினைத்தார். பூமாலை அவற்றை அந்த அறையிலேயே, நடுநடுவே காற்றுப் போகக் குச்சி வைத்து அடுக்கினாள். அறையின் காற்று மரத்துக்குப் பழக வேண்டுமாம். சிமெண்டுத் தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போனாள். மறுநாள் வந்து பார்த்தால் தாளுக்கு அடியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"தரை இன்னும் காயலீங்க. மூணு வாரம் போவணும்."

"தை மாசம் கிரகப்பிரவேசம் வச்சிருக்கேன்மா!"

"அதுக்குள்ள முடிச்சிடலாம். ஈரத்து மேல போட்டா மட்டும் என்னக் கேக்காதீங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். மூன்று வாரம் கழித்துத் தாளுக்கு அடியில் ஒரு பொட்டு ஈரமில்லை. பூமாலை தரைக்குக் கரையான் மருந்து அடித்து, ஈரம் ஏறாமல் தாள் விரித்து, பலகை தாங்கும் சட்டங்களைத் திருகாணியால் முடுக்கினாள். ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்தில் போய் உட்கார, மரச்சுத்தியலால் தட்டித் தட்டிச் சேர்த்தாள். சுவரோரம் மட்டும் சுற்றிலும் அரை அங்குலம் விட்டாள். மழைக்காலத்தில் மரம் உப்ப இடம் வேண்டும். அந்தச் சந்தை மெல்லிய மரச்சட்டத்தால் மூடினாள். இழைத்து, தேய்த்து, பாலிஷ் மூன்று கை போட்டாள். ஜன்னல் வெயில் விழுந்தபோது தரை தேன் நிறத்தில் மின்னியது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை நடந்தார்.

"தண்ணி மட்டும் ஊத்தவே கூடாது டீச்சர். வாளித் தண்ணில மாப்பு போடறதெல்லாம் டைல்ஸோட. இதுக்குக் காஞ்ச துணி. சிந்துனா ஒடனே தொடைச்சிடணும்."

எல்லாருக்கும் சொன்னாள். பசுமாட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலையில் பசுவும் கன்றும் வாசல் வழியே வந்தன. மஞ்சள் குங்குமம் வைத்து ஹாலைச் சுற்றினார்கள். கன்று துள்ளிக்கொண்டு மர அறைக்குள் ஓடியது. பின்னாலேயே பசுவும் போனது. உள்ளே போய் நின்று, நிதானமாக, நிறைய மூத்திரம் பெய்தது.

"மகாலட்சுமியே வந்துட்டா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூமாலை கையில் கிடைத்த கோணிப்பையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள், உதவி செய்கிற ஆர்வத்தில் ஆதிமூலமே இரண்டு வாளித் தண்ணீரை வீசி அறையைக் கழுவிவிட்டிருந்தார்.

மூன்றாம் நாள் டீச்சர் அழைத்தார். பலகைகளின் ஓரங்கள் மேலே எழும்பி, நடு பள்ளமாகி, அறை முழுக்க ஓட்டுக்கூரையைக் கவிழ்த்துப் போட்டதுபோல் இருந்தது.  ஊர்ப்பக்கம் பூமாலை போட்ட முதல் தரை அது.

டீச்சரின் தம்பி சின்னராசு தெரிந்த தச்சர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். "மிஷின் வச்சி மேடெல்லாம் இழைச்சிட்டா ஒரே நாள்ல சமமாயிடும்" என்றார் தச்சர்.

"இழைக்கக் கூடாதுங்க" என்றாள் பூமாலை. கதவை மறித்து நின்றுகொண்டாள். "அடியில தண்ணி நிக்குது. அதான் ஓரம் தூக்கியிருக்கு. இப்ப ஓரத்த இழைச்சிட்டா, காஞ்சி கீழ எறங்கறப்ப ஓரம் பள்ளமா, நடு மேடாப் போயிடும். அப்பறம் சரி பண்ணவே முடியாது."

"அப்ப இன்னா பண்ணலாங்கற?" என்றார் ஆதிமூலம்.

"காத்திருக்கலாங்க."

"எத்தினி நாளு?"

"அது மரம்தான் சொல்லணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். டீச்சர், "படிச்சவ சொன்னா கேக்கணும்" என்றார். பூமாலை எட்டாவதோடு நின்றவள். ஆனால் டீச்சர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சுவரோரச் சட்டங்களைக் கழற்றினாள். இரண்டு மேசை மின்விசிறிகளை அந்தச் சந்துக்கு நேரே வைத்தாள். தினமும் காலையில் இருசப்பன் ஆட்டோவில் வந்து இறங்கி, மீட்டரைக் குத்தி எண்ணைச் சுவரில் பென்சிலால் எழுதினாள். இருபத்திரண்டு. இருபத்தொன்று. மறுபடி இருபத்தொன்று. அந்த வாரம் சோறு இறங்கவில்லை. "அந்தத் தச்சரு சொன்னதுதான் சரியோ?" என்று இருசப்பனிடம் கேட்டாள். "நீ பலகைய நம்பறியா, தச்சர நம்பறியா?" என்றான் அவன். பத்தொன்பது. பதினேழு. பதிமூன்று.

இருபத்தாறாம் நாள் காலை ஆதிமூலம் வாசலிலேயே காத்திருந்தார். "பூமாலை, ஓடியா! படுத்துக்கினு பாத்துட்டேன், எல்லாம் எறங்கிடுச்சு!" நிஜமாகவே சட்டையைக் கழற்றித் தரையில் கன்னம் வைத்துப் பார்த்திருந்தார் மனுஷன். முதுகெல்லாம் தூசி.

கதவோரம் இரண்டு பலகைகள் மட்டும் கறுத்துப்போயிருந்தன. மிச்சம் வைத்திருந்த பலகைகளை அறுத்து அந்த இடத்தில் பூட்டினாள். லேசாகத் தேய்த்து ஒரு கை பாலிஷ் கொடுத்ததும் பசு வந்துபோன சுவடே தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்தத் தரைக்கு ஆதிமூலமே காவல். நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டினார். வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் தானே துடைத்தார். சின்னராசு காபி டம்ளரோடு உள்ளே நுழைந்தால், "அங்கியே நின்னு குடி" என்று மிரட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் மரம் ஏன் உப்புகிறது, ஏன் இழைக்கக் கூடாது என்று அரைமணி நேரம் விளக்கினார். அந்த விளக்கத்தைக் கேட்டுத்தான் உளுந்தூர்பேட்டை டாக்டர் ஒருவர் பூமாலைக்குப் போன் செய்தார்.

வேலை முடிந்ததற்கு டீச்சர் பூமாலையையும் இருசப்பனையும் இசைவாணியையும் விருந்துக்கு அழைத்தார். பூமாலையின் அம்மா கொளஞ்சியம்மாள் இந்தக் குடும்பத்துக் கரும்புத் தோட்டத்தில் களை பறித்தவர். அவருக்கு இவர்கள் சோறு போட்டதெல்லாம் கொல்லைப்புறத்தில். டீச்சர் நேராக மர அறைக்குக் கூட்டிப்போய், "ஒக்காரு பூமாலை, நீ போட்ட தரை. இங்கதான் எல போடறேன்" என்றார்.

பூமாலை உட்கார்ந்தாள். உள்ளங்கையால் ஒருமுறை தரையைத் தடவினாள். அத்தனை வருஷத்தில், போட்டு முடித்த ஒரு தரையில் அவள் விருந்தாளியாக உட்கார்ந்ததில்லை.  டீச்சர் சாம்பார் வாளியோடு வருவதைப் பார்த்ததும் எல்லாம் மறந்து துள்ளி எழுந்தாள்.

"ஐயோ டீச்சர்! சாம்பாரு சிந்துனா?"

"அதான் நானும் சொன்னேன், கேட்டாத்தானே!" என்றார் ஆதிமூலம்.

இலைகளைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் ஹாலுக்கு இடம்பெயர்ந்தார்கள். டைல்ஸ் தரையில் ஐந்து இலையும் ஒரே வரிசையில் விழுந்தன. பூமாலைக்கு இந்தப் பக்கம் டீச்சர், அந்தப் பக்கம் ஆதிமூலம். இரண்டாம் சோற்றுக்கு ரசம் ஊற்றச் சொல்லி, பரிமாறிய சின்னராசுவுக்கு அவரே குரல் கொடுத்தார்.