வாங்காபாயின் வலது கால்

எங்கள் கட்ச் பக்கத்து ஊரில் கறவை நின்ற மாடுகளையும் நொண்டி மாடுகளையும் வைத்துக் காப்பாற்றும் பாஞ்சராப்போலில், மீசை முளைத்த நாளிலிருந்து வேலை செய்தவர் வாங்காபாய் ரபாரி. எதிரே டீக்கடை போட்டிருக்கும் எனக்கு அவரைப் பார்த்தாலே எரிச்சல் வரும். வாங்கிய டீ ஆறிக்கிடக்கும். மனுஷன் ஏதாவது ஒரு மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

ஒரு நாள் லாரி மோதி, அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போயிற்று. கம்பி வைத்து, காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கேட்டால்தானே! கபரி என்ற மாடு கன்று போட முடியாமல் கதறியதும், கட்டுக்காலோடு போய்க் கன்றை இழுத்துப் போட்டார். கன்று பிழைத்தது. எலும்பு கூடவில்லை. இடுப்பெலும்பிலிருந்து செதுக்கி எடுத்துக் காலில் வைத்தார்கள், அதுவும் ஒட்டவில்லை.

"இன்னொரு தடவை இடுப்புல எடுக்க முடியாதும்மா. மாட்டெலும்பைச் சுத்தம் பண்ணிச் செஞ்ச தூள் இருக்கு, வைக்கட்டுமா? இல்லேன்னா காலை எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க அண்ணி" என்றேன், துணைக்குப் போயிருந்த நான்.

"கேட்டா செத்தாலும் வேணாம்பாரு. காலை எடுத்துட்டா, கொட்டகைக்குப் போக முடியாமயே செத்துருவாரு" என்றாள் அவர் மனைவி ஜீவுபென். "வைங்க டாக்டர்."

ஒட்டிக்கொண்டது. வாங்காபாய் நடந்தார். என் டீ பழையபடி ஆறியது. அந்தச் சந்தோஷம் எத்தனை நாளைக்கு?

மறுவருஷம் காலைக் காட்டப் போனபோது, டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார்: "மாட்டெலும்புத் தூள். எவ்வளவு அழகா பிடிச்சிருக்கு பாருங்க!"

வாங்காபாய் சத்தம் போடவில்லை. "அதை எடுத்துடுங்க சாமி" என்றார்.

"எதை எடுக்கறது? உங்க எலும்போட கலந்து போச்சேய்யா."

அன்று சாயங்காலம் பாஞ்சராப்போல் கேட் வரை வந்தவர் உள்ளே போகவில்லை. கபரி ஓடி வந்து, கம்பிக்கு நடுவே நாக்கை நீட்டி அந்தக் காலை நக்கியது. அவர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம் தாயே, அந்தக் காலைத் தொடாதே" என்று அழுதார்.

இப்போது என் கடையில் உட்கார்ந்து டீயைச் சூடாகவே குடித்துவிட்டுப் போகிறார்.