சனி ஞாயிறு கணக்கில் வராது

எங்கள் அலுவலகத்தில் அவரை முகத்துக்கு நேரே அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் அம்புக்குறி. எதைச் சொன்னாலும் ஒரு கட்டம் போட்டு, அதிலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஓர் அம்பு இழுத்தால்தான் அவருக்குத் திருப்தி. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை வாய்க்கொழுப்பில் கேட்டுவிட்டேன். "தேவை என்னன்னே இன்னும் முடிவாகலை, அதுக்குள்ள சிஸ்டம் வாங்கச் சொல்றியே" என்றார்.

கம்பெனிகளுக்கு ஏற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, அவர்களைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றிவிடுவது எங்கள் தொழில். அக்கா திட்டம் போடுபவர். சர்வர்களும் கடவுச்சொற்களும் என் பொறுப்பு. அதனால் என்னைச் சாவிக்கொத்து என்பார்கள். வாடிக்கையாளர் கம்பெனியில் ஒவ்வொருவர் பக்கத்திலும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். "இதை ஏன் செய்றீங்க?" என்பார். "எப்பவும் இப்படித்தாங்க" என்று பதில் வரும். "அதான் ஏன்?" என்பார். விடாக்கண்டர். யாரும் பயன்படுத்தாத எதுவும் புதிய சிஸ்டத்துக்குள் போகக் கூடாது என்பது அவருடைய சட்டம். மாற்றும் நாள் என்று ஒரு தேதி குறித்துவிட்டால், தலைகீழாக நின்றாலும் அது மாறாது.

அவருடைய தம்பியும் எங்களிடம்தான் வேலை பார்த்தார். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் அவரை வளர்த்துப் படிக்கவைத்து இங்கே சேர்த்துவிட்டார். புது மென்பொருளைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக் குழுவுக்கு அவர் தலைவர். அக்காவுக்கு நேர் எதிர். ஏன் என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. லீவு கேட்டால், "சரி சரி, போயிட்டு வா" என்பார். அதனால் பெயரே சரிசரி ஆகிவிட்டது. பாதி நாள் வெளியூரில் இருப்பவர் என்பதால், லீவு விண்ணப்பத்தை மூன்று நாள் அவர் பார்க்காவிட்டால் அதுவே தானாக ஒப்புதல் ஆகிவிடும்படி என்னிடம் சொல்லி வைத்திருந்தார். அப்படிப் போகிற ஒப்புதலிலும் அவர் பெயர்தான் இருக்கும்.

போன வருடம் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா அப்போது வேறொரு ஊரில், ஒரு மருந்துக் கம்பெனியின் மாற்றும் நாள் வேலையில் கழுத்தளவு மூழ்கியிருந்தார். நானும் கூட இருந்தேன். போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்துட்டுப் போயேன்."

"இது முடியட்டும்டா. ஞாயித்துக்கிழமை வந்துடறேன்."

"சரி சரி."

தம்பி சனிக்கிழமையே கண்ணை மூடிவிட்டார். அக்கா ஞாயிற்றுக்கிழமை ஊர் வந்து சேர்ந்தார், சொன்னபடி. யாரும் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியதுண்டு. காரியங்கள் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு லீவே எடுக்கவில்லை.

இதற்கிடையில் முதலாளிக்கு ஞானோதயம் வந்தது. உலகத்துக்கெல்லாம் புது சிஸ்டம் விற்கிறோம், நம் அலுவலகம் மட்டும் அரதப் பழசில் ஓடுகிறதே என்றார். ஊருக்கு உபதேசம் செய்பவர்களின் வீட்டு லட்சணம் அப்படித்தான் இருந்தது. திட்டம் போட அக்காவை விட்டால் வேறு யார்?

கூட்ட அறைச் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டி, ஒவ்வொரு குழுவாக அழைத்துக் கேட்டார். பயிற்சிக் குழுவின் முறை வந்தது. லீவு என்று ஒரு சீட்டை ஒட்டி, பக்கத்தில் அம்பு போட்டார்.

"யார் ஒப்புதல் தர்றது?"

சிலர் கூரையைப் பார்த்தார்கள், சிலர் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் பயிற்சியாளர் ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

"சரிசரி அண்ணன்தான்க்கா. இன்னும் அவர் பேர்ல தான் போகுது. மூணு நாள்ல ஒப்புதல் வந்துடும்."

அது உண்மை. அவர் பெயரை எடுக்க வேண்டியவன் நான். கை வரவில்லை, எடுக்கவில்லை. குழுவினரும் புதுத் தலைவரிடம் போகாமல் அவரிடமே லீவு கேட்டுக்கொண்டிருந்தார்கள். மெயில் வந்தால், "மேலேருந்து உத்தரவு வந்தாச்சு" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அதை அழிக்காமல் வைத்துக்கொள்வார்கள். வேறு குழுவிலிருந்த அக்காவுக்கு மட்டும் இது தெரியாது.

"ஏன்?" என்றார் அக்கா. பழக்க தோஷம்.

"அண்ணன் யாருக்கும் இல்லைன்னு சொன்னதே கிடையாதேக்கா."

அக்கா அடுத்த சீட்டில் எதையும் எழுதவில்லை. சீட்டு விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தேநீர் குடிக்கலாம் என்றார்.

அதற்குப் பிறகுதான் அதிசயம். எல்லாப் பகுதியும் புதுசுக்குப் போனது. லீவுப் பகுதி மட்டும் நகரவில்லை. தகவலைச் சுத்தம் செய்ய வேண்டும், சோதனை போதவில்லை என்று அக்கா சாக்குச் சொன்னார். சாக்குச் சொல்லத் தெரியாதவர் சொன்ன சாக்கு, பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். தம்பியின் பெயர் உலகத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரே இடம் அது. அதை அக்கா தன் கையாலேயே மூட வேண்டியிருந்தது. எங்கள் எல்லோருக்கும் புரிந்தது, யாரும் சொல்லவில்லை.

"புதுசுலயும் அவர் பேரைப் போட்டுடறேன்க்கா, யாருக்குத் தெரியப் போகுது" என்றேன் ஒருநாள்.

"ஊர்ல எத்தனை பேர்கிட்ட பழைய பேரை எடுக்கச் சொல்லியிருக்கேன். என் தம்பின்னா மட்டும் விட்டுடறதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

முதலாளி இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்பதற்குள் அக்காவே தேதி குறித்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பழையதை மூடுவது, திங்கட்கிழமை காலை எல்லோரும் புதுசில்.

அந்த வியாழக்கிழமை காலை என் மேசைக்கு வந்தார். "நானும் ஒரு லீவு கேட்டிருக்கேன், அவன்கிட்ட" என்றார். முன்பே என்னிடம் சொல்லித் தன் விண்ணப்பமும் தம்பி பெயருக்குப் போகும்படி மாற்றியிருந்தார். திங்கட்கிழமை ஒரு நாள் லீவு. காரணம் எழுதும் இடத்தில் 'உன்னைப் பார்க்க வரணும்' என்று எழுதியிருந்தார். மூன்று நாள், ஞாயிறோடு சரியாகிவிடும், மூடுவதற்கு முன் ஒப்புதல் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த எனக்கும் கணக்கைச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் சர்வர் அறையில் இருந்தோம். முடிக்கப்படாத விண்ணப்பம் ஒன்றே ஒன்று திரையில் நின்றது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டம் வேலை நாளை மட்டும்தான் எண்ணும், இல்ல?" என்றார். "சனி ஞாயிறு கணக்குல வராது."

ஊர் ஊராகப் போய் எத்தனையோ பேருக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

"நான் அவர் கணக்குல உள்ளே போய் ஒப்புதல் அழுத்திடறேன்க்கா. ஒரு நொடி வேலை."

"நீ அழுத்தினா அது நீ குடுத்த லீவு."

"அப்ப மூடுற நாளைத் தள்ளிப் போடுவோம். செவ்வாய்க்கிழமை தானா வந்துடும். முதலாளிகிட்ட நான் பேசறேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் கூப்பிட்டப்பவே தள்ளிப் போடலையேப்பா. இப்ப எனக்காகத் தள்ளிப் போடறதா?"

சொல்லிவிட்டு அவரே பழையதை மூடினார். உறுதியா என்று திரை கேட்டது. ஆம் என்பதை அழுத்தினார். நான் அழுதேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு வரச் சொல்லிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை புது சிஸ்டம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. முதலாளி இனிப்பு வாங்கி வந்தார். அக்கா வரவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. சாயங்காலம் புதிய சிஸ்டத்தின் லீவுப் பகுதியில் முதல் பதிவு தானாக விழுந்தது. அக்காவின் பெயருக்கு நேரே, அனுமதி பெறாத விடுப்பு என்று இருந்தது.