சிங்காரிக்குப் பூச்சி இல்லை

அன்று எங்கள் வீட்டு வாசலில் இருந்தது மொத்தம் நாலு பேர். நான், என் மனைவி விஜயா, எதிர்வீட்டு ஆட்டோ டிரைவர் குமார். கோணிப்பைக்குள் எங்கள் பூனை சிங்காரி.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பதினைந்து நாளாகச் சிங்காரி கழுத்தைச் சொறிந்து சொறிந்து, முடி கொட்டி, தோல் ரணமாகிவிட்டிருந்தது. முதுகெல்லாம் பொடுகு மாதிரி வெள்ளைத் தூள். அதே சமயம் விஜயாவின் கையிலும் சின்னச் சின்னதாகச் சிவப்புத் தடிப்பு. என் தூக்கம் போச்சு. என் தூக்கம் போக இவ்வளவு தேவையில்லை என்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்!

செங்கல்பட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூனை இல்லாமல்தான். பஸ்ஸில் யாரையாவது பிறாண்டிவிட்டால்?

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "முடியில வாழ்ற பூச்சியா இருக்கலாம், அலர்ஜியாவும் இருக்கலாம். செல்லோடேப்பை முதுகுல ஒட்டி எடுத்து, கண்ணாடித் துண்டுல ஒட்டிக் கொண்டாங்க. மைக்ராஸ்கோப்ல பார்த்துச் சொல்றேன்" என்றார்.

சனிக்கிழமை கொண்டுபோனேன். அவர் முகாமுக்குப் போயிருந்தார். கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள்.

செவ்வாய் வரைக்கும் யார் பொறுப்பது? என் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்த குமார் வேறு ஆரம்பித்துவிட்டான். "அண்ணாத்த, பூச்சிதான் கீது. கண்ணுக்குத் தெரியாது. அக்கா கையில ஏறிடுச்சு பாரு... இனிமே வூடு பூரா பரவிடும்."

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். யார் எதை அழுத்திச் சொன்னாலும் நம்பிவிடுவேன் - அது கெட்ட செய்தியாக இருந்தால்.

திருக்கழுக்குன்றத்தில் எங்கள் தெருக்காரர்கள் பூனையை விடுவதென்றால், மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீனவர் குப்பத்தில்தான் விடுவார்கள். அங்கே பட்டினி கிடக்காது. விட்டவருக்கும் பாவம் சேராது என்று ஒரு கணக்கு. ஞாயிறு காலை நானும் சிங்காரியைக் கோணிக்குள் போட்டேன்.

"ரெண்டு நாள் பொறுத்தா இன்னாங்க?" விஜயா கேட்டாள்.

"உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

அவள் உள்ளே போய் வந்தாள். கோணிக்குள் ஒரு மத்தி மீனைப் போட்டாள். தினமும் தன் கையால் வேகவைத்து, முள் எடுத்துப் போடுகிற மீன்.

"அழாதக்கா. மீனா துன்னு ஒரு மாசத்துல புலி மாதிரி ஆயிடும் பாரு" என்றான் குமார்.

கரையில் ஒரு படகின் ஓரமாகக் கோணியை அவிழ்த்தேன். சிங்காரி ஓடவில்லை. என் செருப்பை மோந்து பார்த்தது. காலடியிலேயே உட்கார்ந்து கழுத்தைச் சொறிய ஆரம்பித்தது.

நான்தான் ஓடினேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா சொன்னார்: "பூச்சி எதுவும் தெரியலீங்க. முட்டைகூட இல்லை. என்ன சாப்பாடு போடுறீங்க?"

"மீன்தாங்க. மூணு வேளையும்."

"மொதல்ல அதை நிறுத்துங்க. சில பூனைக்கு மீனே ஒத்துக்காது. ரெண்டு மாசம் வெறும் கோழிக்கறி போட்டுப் பாருங்க. பூனை எங்கே?"

சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "பூச்சியே இருந்தாலும் மருந்து போட்டா போயிடும். உங்க வீட்டம்மா கையும் தானா சரியாயிடும். இதுக்குப் போய்..." என்று நிறுத்திக்கொண்டார்.

விஜயாவின் தடிப்பு, துணி துவைக்கிற சோப்பை மாற்றியதும் நாலே நாளில் மறைந்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயந்திரமே இருவரும் குப்பத்துக்கு ஓடினோம். கருவாடு அள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்தார். "கழுத்துல புண்ணோட ஒண்ணா? காலையிலகூட வந்துச்சே. சொறிஞ்சிகினே கெடந்துச்சு. பாவமா கீதேன்னு ரெண்டு மத்தி போட்டேன்."

விஜயா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இனிமே அதுக்கு மீன் போடாதீங்கக்கா."

அவர் சிரித்துவிட்டார். "இன்னாம்மா இது... குப்பத்துல குந்திகினு மீன் போடாதன்னா, மண்ணையா அள்ளிப் போடுறது?"

இருட்டும்வரை ஒவ்வொரு படகுக்கடியிலும் குனிந்து கூப்பிட்டோம். அடுத்த மூன்று ஞாயிறும் போனோம். இல்லை. விஜயா வேகவைத்துக் கொண்டுபோன கோழியைக் காக்கைகள் தின்றன.

பயந்த சுபாவக்காரனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.