மார்கழிக்கு முன் வந்த இரண்டு நாய்கள்

அக்காவின் பழைய பெட்டியில் கிடக்கும் தோல் பட்டை எந்த நாயுடையது என்று போன வாரம் நீங்கள் சண்டை போட்டுக்கொண்டீர்கள். வெள்ளை நாயுடையது என்றான் சின்னவன். இல்லையப்பா. வெள்ளை நாய் நம் வீட்டில் ஏழு நாள்தான் இருந்தது. நடந்ததை எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய ஒரு சந்தில். அக்காவுக்குப் பதினொரு வயது. நீங்கள் யாரும் பிறக்கவில்லை. அந்த ஆடியில் வந்த விஷ ஜுரம் அவளை விட்டுவிட்டது, காதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று. பேச்சு இருந்தது. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் சில நேரம் கத்துவாள், சில நேரம் உதடு மட்டும் அசையும்.

ஜுரத்துக்கு முன்னால் வாசல் கோலம் அவளுடைய வேலை. காது போனபின் உங்கள் அம்மா கோலமாவு டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டாள். காரணம் இருந்தது. விடியுமுன்பே காவிரியில் குளிக்க அம்மா மண்டபப் படித்துறைக்குப் போகிறவர்களின் ஜட்காக்கள் எங்கள் சந்து வழியாகத்தான் பாயும். குனிந்து புள்ளி வைக்கிறவளுக்கு மணிச்சத்தம் எங்கே கேட்கும்? ஒரு நாள் குதிரை அவள் பின்னலைத் தொடுகிற தூரத்தில் வந்து நின்றது. "ஏன் பாப்பா, நீ என்ன செவிடா?" என்று கத்தினான் வண்டிக்காரன். அது அவளுக்குக் கேட்கவில்லை. உங்கள் அம்மாவுக்குக் கேட்டது.

மார்கழி வர இரண்டு வாரம் இருந்தது. "இந்த மார்கழிக்கு நான் போடட்டுமா?" என்று அக்கா தினமும் கேட்பாள். ஏகாதசிக் கூட்டத்துக்கு வண்டிகள் இரட்டிப்பாகுமே. அம்மா கையை விரித்துவிடுவாள். அக்கா ஈரத் தரையில் விரலால் புள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் வீட்டுக்குத் தாழ்ப்பாள் சரிசெய்யப் போனேன். அவர்கள் சீமைக்குக் கப்பல் ஏறப் போகிறார்கள். அவர் மனைவி இரண்டு நாய்களை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஒன்று வெள்ளைப் பொமரேனியன், பஞ்சுப் பொதி மாதிரி. மற்றது செம்பட்டை நிறத்தில் பெக்கினீஸ். அதற்கும் உடம்பெல்லாம் முடி. மூக்கு மட்டும் யாரோ கதவைச் சாத்தி நசுக்கினாற்போல இருக்கும்.

"ஒண்ணு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குப் போகுது, மேன். ஒண்ணு நீ எடுத்துக்கோ. ரெண்டையும் ஒரு வாரம் வச்சுப் பாரு, அப்புறம் சொல்லு" என்றாள்.

நான் அங்கேயே தீர்மானம் செய்துவிட்டேன். வெள்ளை நாய் நன்றாகக் குரைக்கும். ஜட்கா வந்தால் குரைக்கும், அக்கா கோலம் போடலாம். இதற்கு மேல் என்ன யோசனை வேண்டும்? மூங்கில் கூடையில் இரண்டையும் வைத்து ரயிலில் கொண்டுவந்தேன்.

உங்கள் அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மனுஷனுக்கே ரேஷன் அரிசி. இதுங்களுக்கு எந்த ஆபீஸ்ல கார்டு வாங்கப் போறீங்க?"

வெள்ளை நாய் பூக்காரியைப் பார்த்துக் குரைத்தது, பசுவைப் பார்த்துக் குரைத்தது, கோயில் யானையைக்கூட விடவில்லை. எதிர்வீட்டு ஐயங்கார் ஸ்வாமி, "என்ன ஓய், வெள்ளைக்காரப் பட்டாளம் ஊரைவிட்டுப் போறதுன்னாளே, உம்மாத்துல வந்து இறங்கிடுத்தா?" என்றார். செம்பட்டை நாயோ தயிர் சாதம் தின்றுவிட்டுக் குறட்டை விட்டது.

மூன்றாம் நாள் விடியற்காலையில், அம்மாவைக் கெஞ்சி ஒரு சிறு கோலத்துக்கு அனுமதி வாங்கினேன். வெள்ளை நாயை அக்காவின் பக்கத்தில் கட்டினேன். ஜட்கா வந்தது. நாய் குரைத்த குரைப்பில் சந்தே எழுந்து உட்கார்ந்தது. அக்கா மட்டும் நாலாவது வரிசைப் புள்ளியை வைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் பாய்ந்து இழுத்தேன்.

"குரைச்சது யாருக்குங்க கேட்டுச்சு?" என்றாள் அம்மா. "ஊருக்கெல்லாம் கேட்டுச்சு. அவளுக்குக் கேட்டுச்சா?"

பட்டறையில் சங்கு ஊதினால் அத்தனை பேரும் அசைவோம். பாதி ஆயுளை அங்கே கழித்தவன் புத்தி அப்படித்தான் ஓடியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. டப்பா மறுபடி பரணுக்குப் போயிற்று. அக்கா அன்று சாப்பிடவில்லை.

செம்பட்டை நாய்க்கு இங்கிலீஷ் தவிர ஒன்றும் தெரியாது. "வா" என்றால் வராது, "உக்காரு" என்றால் உட்காராது. என் "கம்"மும் அதற்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. அக்கா உள்ளங்கையைக் கீழே காட்டினாள், உட்கார்ந்தது. விரலை மடக்கினாள், வந்தது. "அப்பா, இது என் கையைத்தான் பாக்குது" என்றாள். அதற்கு எங்கள் பேச்சு புரியாது, அவளுக்குக் கேட்காது. இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததுபோல் ஆகிவிட்டது.

ஆறாம் நாள் அக்கா கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே அம்மா கைதவறி அண்டாவைப் போட்டாள். செம்பட்டை நாய் விழுந்தடித்து ஓடிப்போய் அக்காவின் பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். அம்மா அண்டாவை எடுத்தாள். இந்தத் தடவை வேண்டுமென்றே போட்டாள். மறுபடியும் பாதத்தின்மேல் நாய், மறுபடியும் அக்கா திரும்பினாள். அதற்குக் காவல் புத்தி என்று நான் சொல்லமாட்டேன். சுத்தப் பயம். ஆனால் பயந்தால் ஓடி வர ஓர் இடம் பார்த்து வைத்திருந்ததே, அது போதாதா?

ஏழாம் நாள் வெள்ளை நாயைத் திருப்பிக் கொண்டுபோனேன். "எல்லாரும் வெள்ளையைத்தானே கேப்பாங்க!" என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டாள். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய்ச் செம்பட்டை நாயின் தோல் பட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதுதான் நீங்கள் பார்த்தது.

மார்கழி முதல் நாள் டப்பாவை அம்மாவே இறக்கினாள். லாந்தரை ஏற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நாய் முதல் வரிசையில் இரண்டு புள்ளியை நக்கித் தின்றது, பச்சரிசி மாவல்லவா. அக்கா அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். தூரத்தில் மணி கேட்டது. அம்மா பாதி எழுந்துவிட்டாள். பின்னால் நின்ற நான் அவள் தோளைப் பிடித்தேன். நாய் அக்காவின் பாதத்தில் ஏறியது. அக்கா நிமிர்ந்து, அதைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். ஜட்கா போயிற்று. சக்கரம் கோலத்தின் ஒரு மூலையை அழித்திருந்தது. அவள் திரும்பி வந்து அதை மறுபடி போட்டாள்.

மறுநாள் அம்மா வாசலில் உட்காரவில்லை. டப்பாவை அக்கா கையில் கொடுத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.